அறியாதார் எழுதியதைப் படித்தறிதல்: மேற்கு மலைத்தொடர் எல்லைக் கல்லெழுத்துகளும் வான்வெளிச் செய்தி வாசிப்பும்

1. முன்னுரை

வேற்றுலக நாகரிகம் ஒன்றிலிருந்து செய்தி வருமாயின் அதைப் படிக்க இயலுமா என்ற வினா, வானியலார்க்கே உரியதென்று பொதுவாகக் கருதப்படுகிறது. செய்தியைப் பெறுவது வானியலார் பணி. பெற்ற செய்தியைப் படித்தறிவதோ மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் நீண்ட காலமாகச் செய்துவரும் பணியாகும். தம்மோடு உரையாட முடியாத, தம் காலத்தவர் அல்லாத, தம்மை நோக்கி எழுதாத மக்களின் எழுத்தைப் படித்தறிந்த வரலாறு இரண்டு நூற்றாண்டுகளாக நமக்குண்டு. வான்வெளிச் செய்தி பற்றிய ஊகங்களை மதிப்பிட அவ்வரலாறே உரைகல்லாகும்.

இக்கட்டுரை அவ்வரலாற்றைத் தமிழ் வழங்கும் மலையெல்லை ஒன்றின் சான்றுகளைக் கொண்டு ஆராய்கிறது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழ்நாட்டோடு இணையும் மலைப்பகுதியும் அதன் அடிவாரங்களும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பொருள் தெரியாத ஓவியங்கள், எழுத்தாகாத கீறல்கள், எழுத்துத் தெரிந்தும் நெடுங்காலம் படிக்கப்படாத கல்வெட்டுகள், படித்த பின்னும் ஐயம் தீராத நடுகற்கள், எழுத்தே இல்லாத பேச்சுமொழிகள் ஆகிய ஐவகையும் இப்பகுதியிலும் இதை ஒட்டிய நிலத்திலும் ஒருங்கே காணப்படுகின்றன. படித்தறிதலின் ஒவ்வொரு படிநிலைக்கும் இங்கு ஒரு சான்று கிடைக்கிறது எனலாம்.

2. எல்லைமலையும் இரண்டு நோக்கு நிலையங்களும்

இம்மலையெல்லையின் இரு புறத்தும் வானை நோக்கும் நிலையங்கள் இரண்டு உள்ளன. இடுக்கி மாவட்டத்து வட்டவடைக்குக் கிழக்கே எழும் பழனி மலையில் 1899இல் கோடைக்கானல் சூரிய நோக்கு நிலையம் அமைந்தது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயுக்கள் ஆரப்போக்கில் வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது இங்கேதான். பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடிக்கு வடக்கே நீலகிரியில் 1970இல் உதகை வானொலித் தொலைநோக்கி எழுந்தது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் அமைத்த இக்கருவி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அவ்விடத்தின் அகலக்கோடு ஏறத்தாழ 11 பாகை; அதே அளவு சாய்வுள்ள மலைச்சரிவு ஒன்றைத் தெரிந்தெடுத்து, கருவியின் அச்சு புவியின் அச்சுக்கு இணையாக நிற்குமாறு அமைத்தனர்.

இந்நிலையங்கள் வேற்றுலகச் செய்தியைத் தேடி எழுந்தவை அல்ல. எனினும் வானிலிருந்து வருவதைப் படிப்பது எவ்வாறு இயலுகிறது என்பதை அவை விளக்குகின்றன. சூரிய ஒளியின் நிறமாலையில் காணும் கோடுகளை இரும்புக்குரியவை, கால்சியத்துக்குரியவை என்று அறிவதற்குக் காரணம், அதே தனிமங்கள் ஆய்வுக்கூடத்திலும் அதே கோடுகளைத் தருவதே. ஆய்வுக்கூட நிறமாலை இங்கு இருமொழிப் பொறிப்பின் தெரிந்த பகுதியாக நிற்கிறது. ஒப்பிடத் தக்கது இல்லாதபோது வாசிப்பு நின்றுவிடும். 1868இல் குண்டூர், மசூலிப்பட்டினம் பகுதிகளில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தை ஒட்டி ஆராயப்பட்ட மஞ்சள் கோடு ஒன்று புவியில் அறியப்பட்ட எத்தனிமத்தோடும் பொருந்தவில்லை. அதற்கு ஹீலியம் என்று பெயரிட்டனரே தவிர, 1895இல் ராம்சே அவ்வாயுவைப் புவியிலேயே பிரித்தெடுக்கும் வரை அது துணையற்ற ஓர் எழுத்தாகவே இருந்தது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத்திற்கொள்ள வேண்டும். நிறமாலைக் கோடு இயற்கையின் விளைவு. இரும்புக்கும் அதன் கோட்டிற்கும் உள்ள தொடர்பு எங்கும் ஒன்றே. மொழியில் சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு அத்தகையதன்று. தமிழிலக்கணத்தார் ‘இடுகுறி’ என்றது இத்தொடர்பையே. இயற்கையைப் படிப்பதில் பெற்ற வெற்றியைக் கொண்டு இடுகுறியையும் படித்துவிடலாம் என்று கொள்வது இவ்விரண்டையும் ஒன்றாக மயக்குவதாகும்.

3. குறியா, எழுத்தா, மொழியா

வந்தது செய்திதானா என்பதே முதல் வினா. 1967இல் ஜோசலின் பெல் 1.337 நொடிக்கு ஒரு முறை துடிக்கும் வானொலி அலையைக் கண்டபோது, ஆய்வாளர் அதற்கு வேடிக்கையாகச் ‘சிறு பச்சை மனிதர்’ என்னும் பொருள்படும் குறியெழுத்துகளை இட்டனர். பின்னர் அது துடிப்பு விண்மீன் எனத் தெளிந்தது. ஒழுங்கு இருப்பதனால் மட்டும் ஒன்று செய்தி ஆகிவிடாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

மலையெல்லையில் இவ்வினாவுக்கு இணையானவை இரண்டு. இடுக்கி மாவட்டத்து மறையூர்ப் பகுதியில் ‘முனியறை’ என வழங்கும் பெருங்கற்காலக் கற்றிட்டைகளும், பாறை ஓவியங்களும் உள்ளன. சந்தன மரக்காட்டில் ஓவியங்கள் தீட்டப்பட்ட குகை ஒன்றை மக்கள் ‘எழுத்துக் குகை’ என்கின்றனர். அங்குள்ளவை விலங்கு, மனித உருவங்களும் அருவ வடிவங்களுமே. மொழியைக் குறிக்கும் எழுத்துகள் அல்ல. ஆயினும் அப்பெயர் பிழையானதன்று. பழந்தமிழில் ‘எழுதுதல்’ ஓவியம் தீட்டுதலையும் குறித்தது. கண்ணுக்கு மை எழுதுதல் என்ற வழக்கு இன்றும் உண்டு. வரைந்ததும் எழுதியதும் ஒரே சொல்லால் வழங்கியமையால், பார்ப்பவர் ஓவியத்தையும் படிக்கத் தக்க ஒன்றாகவே கருதினர். அங்குள்ள உருவம் மான் என்று சொல்ல முடிகிறது. அந்த மான் உணவா, தெய்வமா, குலக்குறியா, ஒரு நாள் நிகழ்ச்சியின் நினைவா என்று சொல்ல முடிவதில்லை. உருவத்தை இனங்காண்பது வேறு, கருத்தை அறிவது வேறு.

மற்றொன்று பானையோட்டுக் கீறல்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரையையும் கரூரையும் இணைத்த பெருவழியில், நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் உள்ளது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிகழ்த்திய அகழாய்வுகளில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஓடுகளும், எழுத்தல்லாத கீறல் குறியுள்ள ஓடுகளும் அங்குக் கிடைத்தன. தமிழ்ப் பிராமி ஓடு ஆட்பெயரைத் தருகிறது. கீறல் குறி உடைமையைக் காட்டியதா, குயவரைக் காட்டியதா, குலத்தைக் காட்டியதா என்பது உறுதிப்படவில்லை. ஒரே ஊரில் ஒரே காலத்து மக்கள் கையாண்ட இரு குறிமுறைகளில் ஒன்று பேசுகிறது, மற்றது பேசவில்லை. பேசுவதற்குக் காரணம் அதன் வடிவம் தெளிவானது என்பதன்று. அதன் பின்னால் நாம் அறிந்த மொழி நிற்கிறது என்பதே.

4. எழுத்துத் தெரிந்தும் மொழி புலப்படாத காலம்

பிராமி எழுத்து 1837இல் ஜேம்ஸ் பிரின்செப்பால் படித்தறியப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு, கிரேக்கமும் பிராமியும் பொறித்த அகதோகிளிசின் நாணயத்தைக் கொண்டு கிறிஸ்டியன் லாசன் சில எழுத்துகளைக் கண்டிருந்தார். பிரின்செப்புக்கு வழிகாட்டியவை சாஞ்சியின் சிறு பொறிப்புகள். அவற்றுட் பல ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன. கோயிலுக்கும் தூபிக்கும் மக்கள் கொடையளித்து அதைப் பொறிப்பர் என்னும் வழக்கத்தை அறிந்திருந்த அவர், அவ்விறுதிச் சொல் ‘தானம்’ ஆகலாம் என்று ஊகித்தார். ஊகம் பொருந்தியது. எழுத்தின் வடிவத்தினும் எழுதியவரின் பழக்கம் பற்றிய அறிவே இங்குத் திறவுகோலாயிற்று.

ஆனால் தமிழகக் குகைக் கல்வெட்டுகள் பிராமி படிக்கப்பட்ட பின்னும் படிக்கப்படாமல் நின்றன. 1882இல் இராபர்ட் சீவெல் மதுரையை அடுத்த மாங்குளம் கல்வெட்டுகளைக் கண்டறிந்தார். எழுத்துகள் அசோகன் பிராமியை ஒத்திருந்தன. ஆகவே மொழியும் பிராகிருதமாகவே இருக்கும் என்று கொள்ளப்பட்டது. 1919இல் எச். கிருஷ்ண சாஸ்திரி இவற்றைத் தொகுத்து ஆராய்ந்தபோதும் அக்கருத்தின் பிடி பெரிதும் நீங்கவில்லை. 1924இல் சென்னையில் கூடிய கீழ்த்திசை மாநாட்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர், இவற்றின் மொழி தமிழே என்று காட்டினார். அவர் சான்றுகள் மொழியியல் சார்ந்தவை: வடமொழிக்கும் பிராகிருதத்துக்கும் உரிய ஒலிப்புடை வல்லெழுத்துகளும் மூச்சொலி எழுத்துகளும் இவற்றில் இல்லை, ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குத் தனிக் குறிகள் உள்ளன. எழுத்து வருகையும் மொழி இன்னதென்று காட்டும் சான்றாயிற்று.

அதன் பின்னும் இடர் ஒன்று எஞ்சியது. பழைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளின் எழுத்திலக்கணம் அசோகன் பிராமியின் இலக்கணம் அன்று. அசோகன் முறையில் குறியேதும் பெறாத எழுத்து அகரமேறியது. பக்கக்கோடு பெற்றது ஆகாரமேறியது. தமிழ்ப் பிராமியின் முதல் நிலையிலோ குறியேதும் பெறாத எழுத்து வெறும் மெய். பக்கக்கோடு அகரத்தையும் ஆகாரத்தையும் குறித்தது. அசோகன் முறையைக் கொண்டு படித்தால் ‘மாகான’ என்று தோன்றுவது, தமிழ் முறையில் ‘மகன்’ ஆகும். முன்னையது எம்மொழியிலும் பொருள் தராத ஒலிக்கூட்டம். பின்னது எந்தத் தமிழரும் அறிந்த சொல். வடிவங்கள் யாவும் தெரிந்திருந்தும், அவற்றை ஆளும் ஒரு சிறு மரபு தெரியாமையால் வாசிப்புத் தடைப்பட்டிருந்தது. வான்வெளிச் செய்தியில் எண்களும் படங்களும் தெளிவாக அமைந்திருப்பினும், அவற்றை ஆளும் மரபு கூறப்படாவிடில் இதே தடை நேரும்.

5. பெயர்களே திறவுகோல்

1822இல் சம்போலியன் எகிப்திய எழுத்தைப் படித்தபோது தாலமி, கிளியோபாட்ரா என்னும் அரசப் பெயர்கள் துணைநின்றன. 1952இல் மைக்கேல் வெண்ட்ரிஸ் கிரீட்டின் நேர்கோட்டு எழுத்து ‘பி’ வகையைப் படித்தபோது நோசஸ் முதலிய ஊர்ப்பெயர்கள் உதவின. பெயர், மொழி கடந்தும் காலம் கடந்தும் பெரிதும் ஒலி மாறாமல் நிற்பது. தமிழ்ப் பிராமி வாசிப்பிலும் இதுவே நிகழ்ந்தது.

1965ஐ ஒட்டி ஐராவதம் மகாதேவன் மாங்குளம் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயரையும், கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டில் ஆதன் செல்லிரும்பொறை, பெருங்கடுங்கோன், இளங்கடுங்கோ என்னும் சேரர் மூவர் பெயர்களையும் படித்தார். பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளின் தலைவர் வரிசையோடு இம்மூவரும் ஒப்பிடப்பட்டனர். பாலக்காட்டுக் கணவாயின் இரு புறமும் பரவிய சேரநாட்டின் வரலாற்றுக்குக் கல்லும் பாட்டும் ஒன்றையொன்று சான்றாயின. 1981இல் வெளிப்பட்ட சம்பைக் கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியைச் ‘சதியபுதோ’ என்று குறித்தமையால், அசோகன் கல்வெட்டின் ‘சதியபுத’ யார் என்னும் நெடுநாள் வழக்கும் தெளிந்தது. இவை எல்லாவற்றையும் மகாதேவன் தம் ‘பழந்தமிழ்க் கல்வெட்டியல்’ ஆங்கிலப் பெருநூலில் 2003இல் தொகுத்தளித்தார்.

இவ்வெற்றியின் அடிப்படை ஒன்றே: கல்லில் எழுதியவரின் மொழி, தொடர்ச்சி அறாமல் இன்றைய வாசகரிடம் வந்து சேர்ந்திருந்தது. சம்போலியனுக்குக் காப்டிய மொழி செய்த உதவியைத் தமிழ்ப் பிராமிக்குச் சங்க இலக்கியமும் உரைமரபும் செய்தன.

இத்தொடர்ச்சி இருப்பினும் முழுப்பொருள் கைவராத இடம் உண்டு. இடுக்கி எல்லையை ஒட்டிய தேனி மாவட்டத்தின் புலிமான்கொம்பில், 2006இல் கா. இராசன் வழிகாட்டலில் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் தமிழ்ப் பிராமி பொறித்த நடுகற்கள் மூன்றைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்றில் ‘அந்தவன்’ என்ற ஆட்பெயரும், ‘கூடல்’, ‘ஊர்’, ‘ஆகோள்’ என்னும் சொற்களும் உள்ளன. ஆகோள் என்பது ஆநிரை கவர்தல்; தொல்காப்பியப் புறத்திணையியல் அறிந்த சொல். ஒவ்வொரு சொல்லும் படிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அக்கல்லில் வினைமுற்று இல்லை. ‘இறந்தான்’ என்று கல் கூறவில்லை. நடுகல் மரபை அறிந்த வாசகரே அதனை நிரப்பிக்கொள்கின்றனர். கூடல் எது? மதுரைக்குக் கூடல் என்று பெயர். கம்பம் பள்ளத்தாக்கில், குமுளி ஏற்றத்துக்குக் கீழே, கூடலூர் என்னும் ஊர் இன்றும் உண்டு. பெயர் ஒற்றுமை மட்டும் இடத்தை உறுதி செய்யாது. அவன் ஆநிரை கவரச் சென்றவனா, மீட்கச் சென்றவனா என்பதும் அக்கல்லின் சொற்களால் மட்டும் விளங்குவதன்று. எழுதியவர் தம் ஊரார் அறிந்தவற்றை எழுதாமல் விட்டனர். எந்தச் செய்தியும் தன் முதல் வாசகரை நம்பியே சுருங்குகிறது. வேற்று வாசகருக்கு அச்சுருக்கமே இருளாகிறது.

6. துணையற்ற குறிகள்: சிந்துவெளி

தெரிந்த மொழியும் இல்லை, இருமொழிப் பொறிப்பும் இல்லை, நீண்ட பாடமும் இல்லை என்னும் நிலைக்குச் சிந்துவெளிக் குறிகள் எடுத்துக்காட்டு. வான்வெளிச் செய்தியின் நிலைக்கு மிக அணுக்கமானது இதுவே. 1977இல் மகாதேவன் வெளியிட்ட தொகுப்பு, எழுத்துள்ள 2,906 பொருள்களைப் பட்டியலிட்டு, 417 குறிகளை வேறுபடுத்திக் காட்டியது. ஒரு பொறிப்பின் சராசரி நீளம் ஐந்து குறிகளே.

2004இல் பார்மர், ஸ்ப்ரோட், விட்சல் ஆகிய மூவரும் இவை மொழியைக் குறிக்கும் எழுத்தே அல்ல என்று வாதிட்டனர். 2009இல் இராஜேஷ் ராவ் முதலியோர் ‘சயின்ஸ்’ இதழில் மறுமொழி தந்தனர். ஒரு குறியை அடுத்து இன்ன குறி வரும் என்பதில் உள்ள உறுதியின்மையை அவர்கள் அளந்தனர். கட்டுப்பாடற்ற கோவையில் அது மிக உயர்ந்தும், இறுகிய கோவையில் மிகத் தாழ்ந்தும் இருக்கும். மொழிகளில் இடைப்பட்டு நிற்கும். சிந்துவெளிக் குறிகளும் இடைப்பட்டே நின்றன. ஒப்பீட்டுக்கு எடுத்த மொழிகளுள் பழந்தமிழும் ஒன்று. அக்குழுவில் மகாதேவனும், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்து ரணஜாய் அதிகாரியும், டாடா நிறுவனத்தின் நிஷா யாதவும் வானியலாளர் மயங்க் வாஹியாவும் இருந்தனர். உதகைத் தொலைநோக்கியை அமைத்த நிறுவனமே சிந்துவெளிக் குறிகளையும் எண்ணிப் பார்த்தது என்பது கருதத்தக்கது. வானிலிருந்து வரும் குறிக்கோவையைச் சோதிக்க வேண்டுமாயின் கையாளத் தக்க கருவியும் இதுவே. ஆனால் இடைப்பட்டு நிற்பது மொழிக்கு ஒத்துப்போகிறதே அன்றி மொழி என்பதற்கு முடிவான சான்றாகாது என்று ஸ்ப்ரோட் முதலியோர் சுட்டினர். இவ்வளவு கணக்கிட்ட பின்னும் ஒரு சொல்லின் பொருளும் இவ்வழியில் கிட்டவில்லை.

பொருள் தேடியோர் வேறு வழி சென்றனர். ஹீராஸ் பாதிரியார் முன்வைத்து, அஸ்கோ பர்ப்போலா 1994இல் விரிவாக வளர்த்த கருத்து, மீன் வடிவக் குறி பற்றியது. திராவிட மொழிகளில் ‘மீன்’ நீர்வாழ் உயிரையும் விண்மீனையும் குறிக்கும் ஒலியொப்புச் சொல். ஆகவே மீன் குறி விண்மீனையும் அதன்வழித் தெய்வத்தையும் குறித்திருக்கலாம் என்றார். கவர்ச்சியான இக்கருத்து, மொழி திராவிடம் என்பதை முன்னரே கொண்டால்தான் நிற்கும். அதனை நிறுவுவதற்கு இக்கருத்தையே சான்றாக்க முடியாது. படத்தைப் பார்த்து மீன் என்று அறிவது எளிது. அப்படத்தின் பின்னால் இருக்கும் சிலேடையை அறிய அம்மொழியின் காது வேண்டும். வேற்றுலகத்தார் படம் அனுப்பினும் அவர்தம் சிலேடையை நாம் கேட்கப்போவதில்லை.

2025 சனவரியில் தமிழ்நாடு அரசு சிந்துவெளி எழுத்தைப் படித்தறிவோர்க்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அதே வேளையில் தமிழகக் கீறல் குறிகளையும் சிந்துவெளிக் குறிகளையும் வடிவ அடிப்படையில் ஒப்பிடும் கா. இராசன், இரா. சிவானந்தம் ஆகியோரின் ஆய்வு வெளிவந்தது. வடிவ ஒற்றுமையை பி. பி. லால் 1960இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். வடிவ ஒற்றுமையிலிருந்து ஒலி ஒற்றுமைக்குச் செல்லப் பாலம் வேண்டும். அப்பாலம் இன்னும் கட்டப்படவில்லை.

7. வானுக்கு எழுதப்பட்டவை

மனிதர் வேற்றுலகத்தாரை நோக்கி எழுதியவற்றை இவ்வரலாற்றின் ஒளியில் நோக்கலாம். 1960இல் டச்சுக் கணிதர் ஹான்ஸ் பிராய்டெந்தால் ‘லிங்கோஸ்’ என்னும் செயற்கை மொழியை வகுத்தார். துடிப்புகளால் எண்களைக் காட்டி, எண்களால் சமன்பாட்டைக் கற்பித்து, அதன்மேல் காலம், நடத்தை முதலியவற்றை அடுக்குவது அவர் முறை. 1974 நவம்பர் 16இல் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து 1,679 துணுக்குகள் கொண்ட செய்தி எம்-13 விண்மீன் கூட்டத்தை நோக்கி அனுப்பப்பட்டது. 1,679 என்பது 23, 73 என்னும் இரு பகா எண்களின் பெருக்கம். ஆகவே பெறுவோர் செவ்வகமாக அடுக்கிப் படமாகக் காண்பர் என்பது எதிர்பார்ப்பு. அக்கூட்டம் ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு தொலைவில் உள்ளது.

இவ்விரு முயற்சியும் கணிதம் பொதுவானது என்னும் நம்பிக்கையில் எழுந்தவை. எண் பொதுவாகலாம். எண்ணைப் படமாக அடுக்குவதும், படத்தின் கட்டங்களை மனித உருவாகக் காண்பதும் பொது அல்ல. 1972இல் பயனியர் விண்கலத்துத் தகட்டில் விண்கலத்தின் பாதையைக் காட்ட அம்புக்குறி இடப்பட்டபோது, கலை வரலாற்றாசிரியர் கோம்பிரிக், வில்லும் அம்பும் அறியாத உயிருக்கு அக்குறி திசையைக் காட்டாது என்று எடுத்துக்காட்டினார். எழுதுவோர் தமக்கு இயல்பானதை எல்லார்க்கும் இயல்பெனக் கொண்டமையின் விளைவே இது.

1977இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் 55 மொழிகளின் வாழ்த்துகள் தட்டில் பதிக்கப்பட்டுச் சென்றன. இந்திய மொழிகளுள் இந்தி, வங்காளம், மராத்தி, தெலுங்கு, கன்னடம் முதலியவை உள்ளன. சுமேரியமும் அக்காடியமும் உள்ளன. தமிழும் மலையாளமும் இல்லை. இது குறித்து வருந்துவோர் உண்டு. ஆனால் மொழியியல் நோக்கில் எண்ணத் தக்கது வேறு. இடம்பெற்ற 55 மொழிகளும் சொல்வது ஒன்றையே அல்ல. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி வாழ்த்தினர். சொல்லுக்குச் சொல் நிகரோ, இலக்கணக் குறிப்போ உடனில்லை. ஒலி போய்ச் சேரும். மொழி போய்ச் சேராது. அத்தட்டில் தமிழ் இடம்பெற்றிருந்தாலும் தமிழ் படிக்கப்பட்டிராது.

அண்மையில் நிகழ்ந்த ஒத்திகை ஒன்று இதனை மேலும் தெளிவாக்குகிறது. 2023 மே 24இல் செவ்வாயைச் சுற்றும் ஐரோப்பிய விண்கலம் ஒன்றிலிருந்து, கலைஞர் டேனியலா டி பவுலிஸ் குழுவினர் அமைத்த மறைபொருட் செய்தி வேற்றுலகச் செய்தி போல அனுப்பப்பட்டது. அலையிலிருந்து செய்தியைப் பிரித்தெடுக்க ஏறத்தாழப் பத்து நாள் ஆயிற்று. அதனை ஐந்து அமினோ அமிலங்களின் படமாகக் காண ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. 2024இல் அமெரிக்கத் தந்தையும் மகளுமாகிய இருவர் அதனைக் கண்டனர். ஆயினும், அப்படத்தின் கருத்து என்ன என்ற வினா வாசகரிடமே விடப்பட்டது. ஒரே உலகத்து மனிதர், ஒரே அறிவியலைக் கற்றோர் ஆகியோரிடையே இவ்வளவு இடைவெளி எழுகிறது. மறையூர்க் குகையில் மானைக் கண்டும் கருத்தைக் காணாத நிலைக்கு இது வேறன்று.

8. உரியியல் காட்டும் எல்லை

இச்சிக்கலின் கோட்பாட்டு வேரைத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்து உரியியல் இறுதிப் பகுதி முன்பே தொட்டிருக்கிறது. ஒரு சொல்லின் பொருளை வேறொரு சொல்லால் விளக்கி, அதன் பொருளையும் மேலும் வினவிச் சென்றால் முடிவே இராது என்பது ஒரு கருத்து. உணர்த்த வல்லான் உணர்த்துவானாயின் பொருள் திரிபடையாது என்பது மற்றொன்று. உணர்தலின் வாயில் உணர்வோரின் ஆற்றலைப் பற்றியே அமைகிறது என்பது மூன்றாவது. சொல்லுக்குப் பொருள் அமைந்த காரணம் பார்த்த அளவில் விளங்காது என்பதையும் அவ்வியல் கூறுகிறது.

இவற்றை வாசிப்பு வரலாற்றோடு இணைத்து நோக்கினால் தெளிவு பிறக்கும். முடிவின்றிச் செல்லும் விளக்கத்தொடரை எங்கேனும் நிறுத்த வேண்டும். அது நிற்பது இருவரும் கண்ட ஒரு பொருளில், இருவரும் அறிந்த ஒரு செயலில். சாஞ்சியில் அது கொடை என்னும் வழக்கம். புகழூரில் அரசர் பெயர். புலிமான்கொம்பில் நடுகல் மரபு. லிங்கோஸ் போன்ற முயற்சி எண்ணில் அதனை நிறுத்த முயல்கிறது. எண்ணளவில் அது வெல்லக்கூடும். கொடையையோ, ஆகோளையோ, துயரையோ எண்ணின்மேல் அடுக்கிக் காட்டும் வழியை இதுவரை எவரும் நிறுவிக் காட்டவில்லை.

9. உரையாட இயலும் மொழிகள்

உணர்த்துவோர் எதிரே இருக்கும்போது நிலை முற்றும் மாறுகிறது. அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகியோரும், இடுக்கி மலைகளில் முதுவர், மன்னான் முதலியோரும் தமக்கெனப் பேச்சுவழக்குகள் உடையவர். எழுத்து மரபு இல்லாத இம்மொழிகளை அறியக் கல்லும் ஓடும் உதவா. ஆயினும் இருளர் மொழியை டிப்ளோத் 1968இல் தம் முனைவர் பட்ட ஆய்விலும், கமில் சுவெலபில் 1973 முதல் தொடர்ந்த நூல்களிலும் விளக்க முடிந்தது. தமிழோடு நெருங்கிய உறவும், தமிழில் இல்லாத நடுவுயிர்களும் உடைய தனிமொழி அது என்பது தெளிந்தது. பேசுவோரிடம் வினவலாம், தவறாகச் சொல்லித் திருத்தம் பெறலாம், பொருளைச் சுட்டிக் காட்டலாம் என்பதே இதற்குக் காரணம். பதினைந்து நூற்றாண்டுக்கு முந்திய கல்லிடமோ, 25,000 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள அறிவுயிரிடமோ இது இயலாது.

இவ்வாய்ப்பு நிலையானதன்று என்பதே மொழியியலார் கவலை கொள்ள வேண்டிய இடம். அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மா இருளர் மொழியில் பாடிய திரைப்பாடலுக்கு 2022இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. அப்பாடலை விரும்பிக் கேட்டோருட் பெரும்பாலோர் மெட்டை அறிந்தனர். சொற்களை முழுதும் அறிந்தவரல்லர். ஒலிப்பதிவு பெருகும் இக்காலத்தில் இத்தகைய பதிவுகள் ஏராளமாக எஞ்சும். அவற்றுக்குச் சொற்பிரிப்பும், சொல்லுக்குச் சொல் பொருளும், இயல்பான மொழிபெயர்ப்பும், பாடப்பட்ட சூழலின் குறிப்பும் உடன் எழுதப்படாவிடில், பேசுவோர் குறைந்த பின் அவை வாயேஜர் தட்டின் நிலையை அடையும். ஒலி இருக்கும், மொழி இராது.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ஒரு கோவை மொழிதானா என்று ஆராயும் கணக்கு முறைகள் நம்மிடம் உள்ளன. அவை சிந்துவெளிக் குறிகளில் சோதிக்கப்பட்டவை. ஐயத்தைக் குறைக்குமே தவிர நீக்கா. இரண்டாவது, எழுத்தைப் படித்தறிந்த எல்லா வெற்றிகளும், தெரிந்த ஒரு மொழியையோ, பெயரையோ, வழக்கத்தையோ பற்றிக்கொண்டே நிகழ்ந்தன; வான்வெளிச் செய்தியில் இம்மூன்றும் இல்லாமையால், அதன் எண்ணும் இயற்பியலும் விளங்கினும் அதன் சொல் விளங்கும் என்று எதிர்பார்க்கச் சான்றில்லை. மூன்றாவது, எழுதுவோர் எழுதாமல் விட்டதே பிற்கால வாசகருக்குப் பெருந்தடை. ஆகவே தொலைவிலுள்ள வாசகருக்கு எழுதுவோர் செய்தியோடு திறவுகோலையும் எழுத வேண்டும்.

தொலைவிலுள்ள வாசகர் விண்மீனில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முந்நூறு ஆண்டுக்குப் பின் அட்டப்பாடிப் பாட்டொன்றைக் கேட்கப்போகும் தமிழரும் மலையாளியரும் அத்தகையோரே. அவர்களுக்கான இருமொழிப் பொறிப்பை எழுதத் தக்கோர் இன்று வாழும் முதியோரும், அவர்கள் அருகில் அமர்ந்து கேட்கத் தக்க மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளருமே ஆவர்.